தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாடு: சேவைத் தரம் காக்கும் பணியின் பாடங்கள்

ஒரு சேவையை ஒரே கணினி தனித்து ஆற்றாமல், வலையமைப்பால் இணைந்த பல கணினிகள் தமக்குள் பங்கிட்டு ஆற்றும் ஏற்பாட்டைப் பகிர்ந்த கணினி அமைப்பு என்பர். பயண முன்பதிவு, வங்கிப் பணப் பரிமாற்றம், தேடல், மருத்துவமனைப் பதிவேடு என இன்று மக்கள் நாடும் இணையச் சேவைகள் பெரும்பாலும் இத்தகைய அமைப்புகளின் மேல்தான் இயங்குகின்றன. முன்னணிச் சர்வரில் நுழையும் ஒரு கோரிக்கை, இடையிலுள்ள செயலிச் சர்வர்களைக் கடந்து, தரவுத்தளத்தைத் தொட்டு, விடையாகத் திரும்புவதற்குள் பல வரிசைகளில் காத்து நின்றிருக்கும். அந்த விடை எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் எல்லோருக்கும் ஒரே சீராகவும் கிடைக்கிறது என்பதன் அளவே சேவைத் தரம். அதை எண்களால் வரையறுத்து வாக்களிக்கும் ஆவணம் சேவைத் தர உடன்பாடு. சுமை ஏறினும், கணினி பழுதுபடினும் அவ்வாக்கைக் காப்பது இயக்கப் பொறியாளரின் அன்றாடக் கடமை. அக்கடமையில் நெடுங்காலம் ஈடுபட்டோரின் அனுபவத்தைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும்: அமைப்பின் இயல்பைக் கற்றுக்கொண்டே அதை ஆளும் கட்டுப்படுத்திக்குக் கற்கும் திறன் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவுக்கு இன்றியமையாதது கற்றலை நிறுத்த வேண்டிய தருணத்தை அறியும் திறன்.

சுமையும் தாமதமும்

இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் சுமையும் தாமதமும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் கூடும் என்று எண்ணியே வருகின்றனர். வரிசைக் கோட்பாடு அவ்வெண்ணத்தை முதலிலேயே மறுக்கிறது. கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்துசேரும் ஒற்றைச் சர்வரின் எளிய மாதிரியில், சராசரி மறுமொழி நேரம் என்பது ஒரு கோரிக்கைக்கு வேண்டிய தூய வேலை நேரத்தைச் சர்வரின் ஓய்வுப் பங்கால் வகுத்து வரும் ஈவாகும். வேலை நேரம் 20 மில்லி நொடி எனக் கொண்டால், சர்வர் 50 விழுக்காடு நிறைந்திருக்கையில் விடை வர 40 மில்லி நொடியும், 80 விழுக்காட்டில் 100 மில்லி நொடியும், 90 விழுக்காட்டில் 200 மில்லி நொடியும், 95 விழுக்காட்டில் 400 மில்லி நொடியும் ஆகும். முதல் பாதிச் சுமையை 20 மில்லி நொடிக் கூடுதல் தாமதத்தோடு தாங்கிய அமைப்பு, 90-இலிருந்து 95-க்கு ஏறும் ஐந்து விழுக்காட்டில் மட்டும் 200 மில்லி நொடியைக் கூட்டிவிடுகிறது. ஆகவே பகலெல்லாம் அமைதியாக இருந்த வரைபடம் சில நிமிடங்களில் செங்குத்தாக எழுவதைக் காணும் பொறியாளர், அங்கே புதிதாக எதுவோ உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அமைப்பு தன் வளைவின் செங்குத்தான பகுதிக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொள்கிறார்.

பகிர்வு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. கூகுள் நிறுவனத்தின் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ ஆகியோர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டிய கணக்கு இத்துறையினர் அனைவருக்கும் மனப்பாடம்: ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறை மட்டுமே ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கோரிக்கைக்கு விடை சொல்ல அத்தகைய 100 சர்வர்களின் பதிலும் வந்துசேர வேண்டுமாயின், 63 விழுக்காட்டுக் கோரிக்கைகள் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கும். எனவே சேவைத் தரத்தைச் சராசரியால் அளப்பது போதாது. நூறு கோரிக்கைகளை விரைவு வரிசையில் நிறுத்தினால் தொண்ணூற்றொன்பதாவது எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைச் சொல்லும் 99-ஆம் சதமானமே காத்திருப்போரின் உண்மை நிலைக்கு அருகில் நிற்கும் எண். அதேவேளையில், அந்த எண் சராசரியைவிட மிகுதியாக அலைபாயும் இயல்புடையது என்பதால், அதை வைத்து ஆள்வது கடினமானது. காக்க வேண்டிய எண் எதுவோ அதுவே நம்பி ஆள்வதற்கு அரிய எண்ணாகவும் அமைந்துவிடுவது இப்பணியின் அடிப்படை இடர்ப்பாடு.

பின்னூட்டம் கணினிக்குள் வந்த வழி

விளைவை அளந்து, இலக்கோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பச் செயலைத் திருத்துவதே பின்னூட்டக் கட்டுப்பாடு. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல் கட்டுப்படுத்தி, வேகம் கூடினால் நீராவியைக் குறைத்தும் வேகம் குறைந்தால் கூட்டியும் எந்திரத்தைச் சீராக ஓடச் செய்தது. அத்தகைய கருவிகள் சில வேளைகளில் வேகத்தை நிலைப்படுத்தாமல் ஊசலாட விடுவது ஏன் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் கணிதத்தால் விளக்கினார். அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு, தவறான வேகத்தில் திருத்துவது திருத்தாமல் விடுவதைவிடத் தீங்கானதாகலாம் என்ற எச்சரிக்கையும் அன்றே சேர்ந்துவிட்டது.

கணினி வலையமைப்புகள் இப்பாடத்தைத் தம் சொந்த இடர்களின் வழியே கற்றன. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கஜத் தொலைவே உள்ள தடத்தில், நொடிக்கு 32 ஆயிரம் பிட்டாக இருந்த தரவோட்டம் 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலால் பொதிகள் தொலைய, தொலைந்தவற்றைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்ப, அந்த மறு அனுப்புதலே நெரிசலை வளர்த்தது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் முன்வைத்த தீர்வுகளில் இரண்டு இன்றைய கட்டுப்பாட்டுப் பணிக்கும் அடித்தளமாக உள்ளன. முதலாவது, பொதி தொலைந்ததை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்பும் அளவைச் சட்டென்று சுருக்கிப் பின் மெல்ல மெல்லக் கூட்டுவது. இரண்டாவது, பொதி போய்வரும் நேரத்தின் சராசரியையும் அதன் சிதறலையும் ஓயாமல் மதிப்பிட்டு, எவ்வளவு நேரம் காத்திருந்தபின் ஒரு பொதியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம் என்பதை அம்மதிப்பீட்டிலிருந்தே வகுப்பது. தான் ஆளும் அமைப்பின் இயல்பை இயக்கத்தின்போதே மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டின் நம்பகத்தையும் கணக்கில் கொண்டு நடப்பது என்னும் தகவமைவுக் கட்டுப்பாட்டின் சாரம் இந்த இரண்டாவது தீர்விலேயே அடங்கியிருக்கிறது.

சர்வர்களின் உள்ளமைப்புக்கு இக்கோட்பாட்டைக் கொண்டுவந்த பெருமையில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நிறுவனத்தின் பால் ஹார்ன் 2001-இல் தன்னாட்சிக் கணினியம் என்ற கருத்தை முன்வைத்து, மனிதக் கண்காணிப்பு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு அமைப்புகள் சிக்கலாகி வருகின்றன என்று எச்சரித்தார். ஜோசப் ஹெல்லர்ஸ்டீனும் உடன் பணியாற்றியோரும் அபாச்சி இணையச் சர்வரையும் லோட்டஸ் நோட்ஸ் சர்வரையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டு செய்த சோதனைகளின் பயனாக, கணினி அமைப்புகளுக்கான பின்னூட்டக் கட்டுப்பாடு பற்றிய பாடநூல் ஒன்று 2004-இல் வெளிவந்தது. அதுவரை அனுபவமிக்க ஒருவரின் கைப்பழக்கமாக இருந்த வேலை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை அனுமதிக்கலாம், ஓர் இணைப்பை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம், நினைவகத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று அமைவுகளைத் திருகித் திருகிப் பார்க்கும் வேலை, அதன்பின் அளவீடும் மாதிரியும் கொண்ட ஒரு பொறியியலாக உருப்பெறத் தொடங்கியது.

எங்கே அளப்பது, எதைத் திருகுவது

நடைமுறையில் கட்டுப்படுத்தியின் கணிதத்தைவிட அளவீட்டின் இடமே மிகுதியான உழைப்பைக் கேட்கிறது. அபாச்சி சர்வரில் ஒரே நேரத்தில் இயங்கும் வேலைச் செயல்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாழ்த்தினால் மையச் செயலகம் (சிபியு) சும்மா இருக்கும்போதே கோரிக்கைகள் வெளியே காத்திருக்கும், மிக உயர்த்தினால் நினைவகம் போதாமல் சர்வரே தள்ளாடும். இந்த வரம்பைச் சர்வர் தானே எழுதும் பதிவேட்டை நம்பித் திருத்த முயல்வோர் ஏமாற நேர்கிறது, ஏனெனில் இயங்குதளத்தின் இணைப்பு வரிசையில் காத்து நிற்கும் கோரிக்கை சர்வரின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதன் காத்திருப்பு அந்தப் பதிவேட்டில் பதிவாவதே இல்லை. பயனர் நெடுநேரம் காத்துத் தவிக்கையில் உள் பதிவேடு எல்லாம் நலம் என்று சொல்லும் இந்த முரணைப் பலமுறை கண்டவர்கள், அளவீட்டைச் சுமைப் பங்கீட்டுக் கருவியிலோ பயனரின் பக்கத்திலோ வைக்க வேண்டும் என்பதை விதியாகவே கொள்கின்றனர்.

எதைத் திருகுவது என்ற கேள்விக்கு ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி நல்ல வழிகாட்டி. ஓர் அமைப்பினுள் ஒரே நேரத்தில் உள்ள கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை, அவை வரும் வீதத்தையும் அவை உள்ளே தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணுக்குச் சமம் என்பது அவ்விதி. நொடிக்கு 200 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் கால் நொடி தங்கினால் உள்ளே 50 இருக்கும். வரும் வீதம் மாறாதபோது உள்ளே இருக்கும் எண்ணிக்கை உயரத் தொடங்கினால், தாமதமும் உயர்கிறது என்பதை அந்த எண்ணிக்கையே முன்கூட்டிக் காட்டிவிடும், ஏனெனில் இன்னும் முடியாத கோரிக்கையின் தாமதத்தை அளக்க முடியாவிட்டாலும் அது உள்ளே இருப்பதை எண்ணிவிட முடியும். ஆகவே தாமதத்தை இலக்காகவும், ஒருங்கே உள்ளே விடும் கோரிக்கைகளின் எண்ணிக்கையைத் திருகும் கருவியாகவும் கொள்வது இத்தொழிலில் பலமுறை பலனளித்த இணைப்பு.

கற்கும் கட்டுப்படுத்தி

கட்டுப்படுத்தியின் ஒரு திருத்தத்துக்கு அமைப்பு எவ்வளவு அசைந்து கொடுக்கிறது என்பதைப் பெருக்கம் என்பர். காலை வேளையில் எளிய பக்கங்களைப் படிப்போர் மிகுந்திருக்கையில், மையச் செயலகப் பங்கைச் சற்றே கூட்டினாலும் தாமதம் பெரிதும் குறையலாம். மாலையில் தரவுத்தளத்தை வருத்தும் அறிக்கைகள் ஓடுகையில், அதே கூட்டலால் எவ்விதப் பயனும் இல்லாமல் போகலாம். காலைக்கென்று அமைத்த கட்டுப்படுத்தி மாலையில் மந்தமாகும், மாலைக்கென்று அமைத்தது காலையில் துள்ளும். அமைப்பின் பெருக்கத்தை இயக்கத்தின்போதே மதிப்பிட்டு, அதற்கேற்பத் தன் அமைவுகளைத் தானே மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாட்டைத் தகவமைவுக் கட்டுப்பாடு என்பர். சுவீடனின் லுண்ட் நகரில் கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோமும் பியோர்ன் விட்டன்மார்க்கும் 1973-இல் விளக்கிய தற்சீர்மைக் கட்டுப்படுத்தி இவ்வகையின் செவ்வியல் வடிவம்: ஒரு பக்கம் புதிய அளவீடு வரும்போதெல்லாம் மாதிரியின் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தும் மதிப்பீட்டி, மறுபக்கம் அம்மாதிரி உண்மை என்று கொண்டு அடுத்த செயலைக் கணக்கிடும் கட்டுப்படுத்தி.

இவ்வடிவம் கணினி மையங்களுக்கு நேராகவே பொருந்தியது. எச்பி ஆய்வகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சார்ந்த பிரதீப் படாலா முதலானோர் 2007-இலும் 2009-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், இணையச் சர்வரும் தரவுத்தளமும் தனித்தனி மெய்நிகர் எந்திரங்களில் ஓடும் பல அடுக்குச் செயலிகளுக்குத் தேவையான மையச் செயலகப் பங்கை அமைப்பு தானே கண்டறிந்து ஒதுக்கியது. பிந்தைய ஆய்வில் வட்டின் பங்கும் சேர்ந்தது. அதன் கட்டமைப்பில் இரண்டு நிலைகள் உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் உரிய கட்டுப்படுத்தி, தன் செயலியின் மாதிரியைக் கற்று, இலக்கை எட்ட இவ்வளவு வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொரு கணினிக்கும் உரிய கட்டுப்படுத்தி, எல்லோரும் கேட்பதன் கூட்டுத்தொகை இருப்பை மிஞ்சும்போது, முன்னுரிமைக்கு ஏற்பப் பங்கிட்டுத் தரும். ஒவ்வொருவரின் தேவையை அறிவதும் பற்றாக்குறையைப் பங்கிடுவதும் வெவ்வேறு வேலைகள் என்ற இப்பிரிவினை, ஆய்வகத்துக்கு வெளியேயும் நிலைத்துப் பயன் தந்துவரும் அறிவு.

தாமதம் என்னும் ஆசான்

செயலுக்கும் விளைவுக்கும் இடையே செல்லும் காலத்தை மதிக்காத கட்டுப்படுத்தி எவ்வளவு கற்றாலும் பயனில்லை. ஏரி மதகைத் திறக்கும் நீர்க்கட்டி, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர அரை நாள் ஆகும் என்பதை அறிந்திருப்பதால், கடைமடை காய்கிறது என்ற செய்தி கேட்டவுடன் ஒருமுறை திறந்துவிட்டுப் பொறுத்திருப்பார். அடுத்தடுத்து வரும் அதே செய்திக்கெல்லாம் மதகை மேலும் மேலும் திறந்தால் மறுநாள் வயல் மூழ்கும். புதிதாக ஒரு கண்டெய்னரை, அதாவது ஒரு செயலியையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் பொதிந்த இயங்கும் அலகை எழுப்பும்போதும் நிலைமை இதுதான்: அதன் கோப்புகள் வந்திறங்க வேண்டும், செயலி தொடங்க வேண்டும், இடைநினைவகம் நிரம்ப வேண்டும், அதன்பின்தான் அது முழுச் சுமையையும் தாங்கும். பிழையைத் தொகுத்துக்கொண்டே திருத்தும் கட்டுப்படுத்தி, தூய தாமதம் உள்ள அமைப்பில் நிலைப்பின் விளிம்பை எட்டும்போது, ஊசலின் ஒரு முழுச் சுற்று அத்தாமதத்தைப்போல் நான்கு மடங்கு நீளும் என்பது கணிதம். ஆகவே சர்வர்களின் எண்ணிக்கை எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வரைபடத்தைக் காணும் தேர்ந்த பொறியாளர், எங்கோ ஏறத்தாழ இரண்டு நிமிடத் தாமதம் கணக்கில் கொள்ளப்படாமல் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார். அதைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தியின் வேகத்தைக் குறைக்கும்வரை, சர்வர்களைக் கூட்டுவதால் அந்த ஊசல் அடங்காது.

கண்டெய்னர்களை நிர்வகிக்க இன்று பரவலாகப் பயன்படும் குபர்னெட்டீஸ் மென்பொருளின் தானியங்கி அளவுமாற்றியில் இவ்வறிவு அமைவுகளாகப் படிந்துள்ளது. தற்போதைய அளவீட்டை இலக்கால் வகுத்து வரும் விகிதத்தை, இப்போதுள்ள நகல்களின் எண்ணிக்கையால் பெருக்கித் தேவையைக் கணிக்கும் அதன் விதி மிக எளியது. அவ்விதி நடைமுறையில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதைச் சூழ்ந்துள்ள தயக்கங்கள். இயல்பான அமைவில் அது 15 நொடிக்கு ஒருமுறையே முடிவெடுக்கிறது, இலக்கிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் உள்ள விலகலைப் பொருட்படுத்துவதில்லை, நகல்களைக் குறைப்பதற்கு முன் கடந்த 5 நிமிடப் பரிந்துரைகளில் மிக உயர்ந்ததையே கொள்கிறது. கூட்டுவதில் விரைவும் குறைப்பதில் பொறுமையும் வேண்டும் என்ற இந்தச் சமமின்மை, குறைவாக வைத்திருப்பதால் பயனர் படும் துன்பமும் கூடுதலாக வைத்திருப்பதால் ஆகும் செலவும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்ற மதிப்பீட்டிலிருந்து பிறந்தது.

கற்றலை நிறுத்த வேண்டிய இடங்கள்

தகவமைவுக் கட்டுப்படுத்தி பழைய அளவீடுகளைப் படிப்படியாக மறந்து புதியவற்றுக்கு மதிப்பளிப்பதை ஆள்வது மறதிக் காரணி என்னும் எண். அது 0.98 எனில், ஏறத்தாழ 50 அளவீடுகளின் நினைவே மாதிரியில் நிற்கும். 15 நொடிக்கு ஓர் அளவீடு என்றால் அது பன்னிரண்டரை நிமிடம். சுமை ஓயாமல் மாறும் பகலில் இது நன்மை. எதுவும் மாறாத பின்னிரவில், திருகிய கருவியும் அசையாமல் விளைவும் அசையாமல் இருக்கும்போது, கற்க ஏதும் இல்லாத மதிப்பீட்டி பழையதை மறப்பதை மட்டும் தொடர்கிறது. அதன் உள்ளே நிச்சயமின்மை பெருகிப் பெருகி, விடியலில் வரும் முதல் சிறு அசைவுக்கு மாதிரியின் எண்கள் கண்டபடி தாவுகின்றன. கருவி போதிய அளவு அசைந்தாலன்றி அமைப்பைப் பற்றிய அறிவு வளராது என்பதைத் தொடர் தூண்டல் நிபந்தனை என்று கட்டுப்பாட்டியல் கூறும். தூண்டல் இல்லாதபோது மதிப்பீட்டை உறையவைப்பதும், மாதிரியின் ஒவ்வோர் எண்ணுக்கும் மேல்வரம்பும் கீழ்வரம்பும் இடுவதும் இதற்கான நடைமுறை மருந்து.

இரண்டாவது ஆபத்து, திசை மாற்றம். செயலிச் சர்வர்களைக் கூட்டினால் தாமதம் குறையும் என்று அமைப்பு கற்றிருக்க, நெரிசலை உண்டாக்கும் இடுக்கு தரவுத்தளத்துக்கு நகர்ந்துவிட்டால், புதிய சர்வர் ஒவ்வொன்றும் தரவுத்தளத்துக்கு மேலும் இணைப்புகளைத் திறந்து தாமதத்தைக் கூட்டும். கட்டுப்படுத்தியோ தாமதம் கூடுவதைக் கண்டு இன்னும் சர்வர்களைச் சேர்க்கும். அந்த நிலையில் மாதிரியின் குறியே தலைகீழாகிவிடுவதால், கற்றறிந்த ஒவ்வொரு செயலும் நோயை வளர்க்கிறது. மூன்றாவது, வரம்பில் முட்டி நிற்கும் நிலை: கருவி தன் உச்சத்தை அடைந்தபின்னும் பிழையைத் தொகுத்துக்கொண்டே போகும் கட்டுப்படுத்தி, சுமை குறைந்த பின்பும் நெடுநேரம் உச்சத்திலேயே நிற்கும், அந்நேரத்து அளவீடுகளை மதிப்பீட்டியும் கற்றுக்கொண்டால், செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை என்ற பொய்யான பாடம் மாதிரியில் பதியும். இவ்விரண்டுக்கும் பொதுவான மருந்து, செயலின் பலன் எதிர்பார்த்த திசையில் தென்படாதபோது கற்றலையும் செயலையும் ஒருசேர நிறுத்தி, நிலைமையை மனிதருக்கு அறிவிப்பதாகும்.

வரம்பில் முட்டி நிற்பதன் பாரதூரமான சான்று விண்பயண வரலாற்றில் உள்ளது. 1967 நவம்பர் 15 அன்று, கலிபோர்னியாவின் வானில் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் சிதைந்து, விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார். அவ்விமானத்தில், காற்றின் அடர்த்திக்கு ஏற்பத் தன் பெருக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமைவுக் கட்டுப்பாட்டு அமைப்பு இருந்தது. மின் இடையூறும் விமானியின் திசை மயக்கமும் சேர்ந்து விமானம் சுழலத் தொடங்கி, அச்சுழலிலிருந்து மீண்ட பின், கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பில் முட்டிய ஓர் ஊசலுக்குள் சிக்கியது. அந்த ஊசலே, அடர்ந்த காற்றுக்குள் இறங்கும்போது பெருக்கத்தைக் குறைக்க வேண்டிய அமைப்பை அவ்வாறு குறைக்கவிடாமல் தடுத்தது. கணினிச் சேவையின் தோல்விகள் பெரும்பாலும் இத்தகைய உயிரிழப்பில் முடிவதில்லை எனினும், வரம்பில் முட்டிய நிலையில் தகவமைவு தன் அறிவை இழக்கும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

மிகைச்சுமையின் ஒழுங்கு

இருப்பை மிஞ்சிய சுமை வரும்போது எல்லோருக்கும் வாக்கைக் காப்பது இயலாது. குறித்த நேரத்துக்குள் விடை கிடைக்காத பயனர் மீண்டும் முயல்கிறார், பயனருக்காக இடைச் சர்வரும் மீண்டும் முயல்கிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு கோரிக்கையை மொத்தம் மூன்று முறை அனுப்பிப் பார்க்குமாறு அமைத்திருந்தால், மூன்று அடுக்குகளுக்குக் கீழே உள்ள தரவுத்தளத்துக்கு ஒன்று இருபத்தேழாகப் போய்ச் சேரக்கூடும். பெர்க்லித் தடத்தில் 1986-இல் நிகழ்ந்ததன் வேறு வடிவம் இது. இங்கே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு, விரைவான கருவியை முதலிலும் மெதுவான கருவியைப் பின்னரும் இயக்குவது. மில்லி நொடிகளில் இயங்க வல்லது அனுமதிக் கட்டுப்பாடு: கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட வரிசை மேலாண்மை முறை, வரிசையில் பொதிகளின் காத்திருப்பு 100 மில்லி நொடி நேரம் முழுவதும் 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்காதிருந்தால் பொதிகளைக் கைவிடத் தொடங்குகிறது. வரிசையின் நீளத்தை விட்டு, அதில் கழியும் நேரத்தை அளக்கும் இம்முறையைக் கோரிக்கை வரிசைகளுக்கும் பின்பற்றலாம். அடுத்த நிலையில், சுவீடனின் ஆய்வாளர்கள் 2014-இல் முன்வைத்த வழி நிற்கிறது: பரிந்துரைகள் போன்ற விருப்பப் பகுதிகளை எத்தனை விழுக்காட்டினருக்குக் காட்டுவது என்பதையே கட்டுப்படுத்தி திருகி, இன்றியமையாத பகுதியை எல்லோருக்கும் உரிய நேரத்தில் வழங்குவது. புதிய சர்வர்களைச் சேர்ப்பது கடைசி நிலை. இம்மூன்று வளையங்களும் ஒரே வேகத்தில் இயங்கினால் ஒன்றின் திருத்தத்தை மற்றது இடையூறாகக் கண்டு எதிர்த்துத் திருத்தும் என்பதால், ஒவ்வொன்றின் கால அளவும் அதன் உள்ளே உள்ளதைவிடப் பல மடங்கு நீண்டிருக்க வேண்டும்.

வருவது முன்பே தெரிந்த சுமைக்குப் பின்னூட்டத்தை நம்பிக் காத்திருப்பது தேவையற்றது. இந்திய ரயில்வேயின் தட்கல் முன்பதிவு குளிர்வசதி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த மணித்துளியில் எழும் சுமையை அளந்து, கற்று, அதன்பின் திருத்த எண்ணும் எந்தக் கட்டுப்படுத்திக்கும் போதிய நேரம் இராது. நாட்காட்டி அறிந்ததை முன்னூட்டமாகக் கொடுத்து, கொள்திறனை முன்கூட்டியே உயர்த்திவைத்து, கணிப்புக்கும் உண்மைக்கும் இடையே எஞ்சும் வேறுபாட்டை மட்டும் பின்னூட்டத்திடம் விடுவதே முறை. இத்தகைய நேரங்களில் மதிப்பீட்டியின் கற்றலையும் நிறுத்திவைக்க வேண்டும், ஏனெனில் அசாதாரண நிமிடத்தில் கற்றது சாதாரண நாளுக்குப் பொருந்தாது.

பொறுப்பு யாருடையது

புதிய கட்டுப்படுத்தியை இயங்கும் சேவையில் பொருத்தும்போது, முதலில் அது முடிவுகளை எழுதிவைக்க மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. செயல்படுத்தும் உரிமை மனிதர் கையில் இருக்கும். அதன் முடிவுகளையும் அனுபவமிக்க பொறியாளரின் முடிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, வேறுபடும் இடங்களுக்கெல்லாம் காரணம் கண்ட பிறகே, குறுகிய வரம்புகளுக்குள் செயலுரிமை தரப்படுகிறது. நம்பிக்கை வளர வளர வரம்பு விரிகிறது. ஒவ்வொரு முடிவோடும், அப்போது நம்பிய மாதிரி எது, பார்த்த அளவீடு எது, அந்த அளவீடு எத்தனை நொடி பழையது என்பவை பதிவாக வேண்டும், ஏனெனில் நள்ளிரவில் அழைக்கப்படும் பொறியாளருக்குக் கட்டுப்படுத்தி என்ன செய்தது என்பதோடு ஏன் செய்தது என்பதும் உடனே தெரிந்தாக வேண்டும். 30 நாளில் 99.9 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும் என்ற வாக்கு, 43 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான தவறுதலுக்கு மட்டும் இடம் தருகிறது. காரணம் தேடுவதிலேயே அதில் பாதி கழிந்துவிடக் கூடாது.

தகவமைவுக் கட்டுப்பாடு இன்று ஆய்வுக்கூடத்தின் பொருளாக இல்லாமல், சேவைகளின் அடித்தளத்தில் படிந்துவிட்டது. மாதிரிகள் மேலும் விரைவாகக் கற்கும் காலம் வரும். அப்போதும் அளவீடு எங்கிருந்து வருகிறது, செயல் எப்போது விளைகிறது, எந்த வரம்புக்கு அப்பால் மாதிரியை நம்பக் கூடாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை அமைப்பவரே தர வேண்டியிருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டின் முன் நிற்பவருக்கும் பயணச்சீட்டுக்கு முயல்பவருக்கும் தரப்பட்ட வாக்கைக் காக்கும் பொறுப்பு, கட்டுப்படுத்தியிடம் ஒப்படைக்கத்தக்கதன்று. அதை ஏற்க வேண்டியவர், அந்த மூன்று விடைகளையும் முன்கூட்டியே வகுத்து, சோதித்து, எழுதிவைக்கும் பொறியாளரே.